பூட்டிய கணினியின் ஞாபகச் சில்லு

ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் திங்க்பேட் மடிக்கணினிகளுக்காக வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடுகளில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு குறிப்புகளைக் காணலாம். கணினியைத் திறக்கும் சாதாரணக் கடவுச்சொல்லை ஒருவர் மறந்துவிட்டால், யந்திரத்தின் உள்ளே இருக்கும் சிறிய காப்பு பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டினால் போதும் என்பது முதல் குறிப்பு. ஆனால் மேற்பார்வையாளர் கடவுச்சொல் என்று வழங்கப்படும் உயர்ந்த சொல்லை மறந்துவிட்டாலோ, அதை நீக்குவதற்குரிய முறை எதுவும் கிடையாது. தாய்ப்பலகையையே கட்டணம் பெற்றுக்கொண்டு மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது குறிப்பு. இரண்டும் கடவுச்சொற்கள்தாம், இரண்டும் ஒரே விசைப்பலகையில் அடிக்கப்படுபவைதாம், அப்படியிருக்க, ஒன்று பாட்டரியோடு மறைவதும் மற்றொன்று பலகையோடு நிலைத்திருப்பதும் என்ன காரணத்தால் என்று கேட்கப் புகுந்தால், சென்ற நூற்றாண்டின் பௌதிக சாஸ்திரத்தில் ஒரு முக்கியமான பகுதியையே தொட்டுவிட நேர்கிறது.

1984-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. என்னும் மேஜைக் கணினியில், மோட்டோரோலா கம்பெனியின் 146818 என்ற கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் மொத்தம் 64 பைட்டுகள். 14 பைட்டுகளைக் கடிகாரம் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 50 பைட்டுகளில் அந்தக் கணினியின் அமைப்பு விவரங்கள் குறித்து வைக்கப்பட்டன. பின்னர் வந்த யந்திரங்கள் கடவுச்சொல்லையும் இத்தகைய இடத்திலேயே வைத்தன. ஆனால் அந்த நினைவு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் மட்டுமே நிற்கும் நினைவு. பாட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்து, பூட்டும் மறைந்துவிடும். மேஜைக் கணினிக்கு இது பெரிய குறையன்று. அதன் பெட்டியைத் திறப்பவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரரே. ரயிலிலும் விமான நிலையத்திலும் திருட்டுப்போகக்கூடிய மடிக்கணினிக்கோ இவ்வளவு எளிதில் கரையும் பூட்டு போதாது என்று வடிவமைப்பாளர்கள் கருதினார்கள். எனவே, மேற்பார்வையாளர் கடவுச்சொல்லை மின்சாரமே இல்லாவிடினும் மறக்காத வேறொரு சில்லுக்கு மாற்றினார்கள்.

1990-களின் இறுதியிலும் அதன் பின் சில ஆண்டுகளிலும் வந்த திங்க்பேட்களில் அந்த உத்தியோகத்தை வகித்தது, அட்மெல் கம்பெனி செய்த 24ஆர்.எஃப்.08 என்ற சில்லு. எட்டுக் கால்கள், சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளமும் நான்கு மில்லிமீட்டர் அகலமும் உள்ள கறுப்பு உடல், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளி. இதனுள் 8,192 அறைகள், அதாவது 1,024 பைட்டுகள். ஈஈப்ராம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. மின்சாரத்தாலேயே எழுதவும் மின்சாரத்தாலேயே அழிக்கவும் தக்க, ஆயினும் மின்சாரம் நின்றபின்னும் அழியாத நினைவு என்பது அதன் தாத்பர்யம்.

இந்த நிலைபேறு எப்படிச் சாத்தியமாகிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதன் வாயிலுக்குக் கீழே மற்றொரு வாயில், எந்தக் கம்பியோடும் தொடர்பின்றி, நாற்புறமும் சிலிக்கன் ஆக்ஸைடு என்னும் கண்ணாடி போன்ற மின்காப்புப் பொருளால் சூழப்பட்டு, மிதப்பது போல அமைந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் முன்மொழிந்த அமைப்பு இது. முன்னவர் கொரியாவில் பிறந்தவர், பின்னவர் சீனாவில் பிறந்தவர். அந்த மிதக்கும் வாயிலில் எலெக்ட்ரான்களைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால், அவை வெளியேற வழியில்லை. அவற்றின் எதிர்மின்னூட்டம் கீழேயுள்ள டிரான்சிஸ்டர் எளிதில் மின்னோட்டம் கடத்தாதபடி தடுத்துக்கொண்டே இருக்கும். கடத்துகிறதா, இல்லையா என்று சோதிப்பதுதான் அந்த அறையில் இருப்பது ஒன்றா, பூஜ்யமா என்று படிப்பது. படிப்பதனால் அடைபட்ட எலெக்ட்ரான்களுக்குப் பாதகம் ஏதும் நேர்வதில்லை. ஆகையால் ஒரே அறையை எத்தனை முறையும் படிக்கலாம்.

வெளியேற வழியில்லாத இடத்திற்குள் அவை நுழைந்தது மட்டும் எப்படி என்ற சந்தேகம் எழுவது நியாயமே. பழைய பௌதிகத்தில் இதற்கு விடையில்லை. 1928-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரால்ஃப் ஃபௌலர், லோதர் நார்ட்ஹைம் என்ற இரு விஞ்ஞானிகள், வலுவான மின்புலத்தில் குளிர்ந்த உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் ஏன் வெளிப்படுகின்றன என்பதை ஆராய்ந்து, அப்போதுதான் பிறந்திருந்த குவாண்டம் சித்தாந்தத்தின் துணைகொண்டு ஒரு விளக்கம் தந்தார்கள். எலெக்ட்ரான் தன் எதிரேயுள்ள ஆற்றல் தடையின் மீது ஏறித் தாண்டுவதில்லை. தடை போதிய அளவு மெல்லியதாகிவிட்டால் அதை ஊடுருவி அப்பால் தோன்றிவிடுகிறது என்பதே அந்த விளக்கம். ஈஈப்ராம் சில்லில் இந்தத் தடை, சுமார் பத்து நானோமீட்டர் கனமுள்ள ஆக்ஸைடுப் படலம். சாதாரண மின்னழுத்தத்தில் அது ஊடுருவ முடியாத சுவர். பதினைந்து இருபது வோல்ட்டுகளைக் கொடுத்தால் அதே சுவர் எலெக்ட்ரான்களுக்கு இடம் கொடுக்கிறது. அவ்வளவு அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. சில்லுக்குள்ளேயே இருக்கும் மின்னூட்டப் பம்பு, தனக்குக் கிடைக்கும் மூன்று அல்லது ஐந்து வோல்ட்டைப் படிப்படியாக உயர்த்திக்கொள்கிறது. எழுதி முடித்து அழுத்தம் நீங்கியதும், சுவர் மறுபடியும் சுவராகிவிடுகிறது. இவ்வகைச் சில்லுகள் பல பத்தாண்டுகள் தம் செய்தியைக் காக்கும் என்று அவற்றைச் செய்வோர் உறுதி கூறுகின்றனர். இன்டெல் கம்பெனியில் இத்தகைய சில்லை 1970-களின் இறுதியில் உருவாக்கிய ஜார்ஜ் பெர்லிகோஸ் என்பவரே, 1984-இல் அட்மெல் கம்பெனியைத் தொடங்கினார்.

இனி, அந்தச் சில்லோடு பேசுவது எப்படி என்பதைப் பார்ப்போம். எட்டுக் கால்களில் இரண்டே இரண்டுதான் சம்பாஷணைக்கு உரியவை. ஒன்றில் செய்தி செல்லும், மற்றொன்றில் தாளம் செல்லும். இந்த இரட்டைக் கம்பி முறையை 1982-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனியார் வகுத்தார்கள். ஐ-டூ-சி என்று அதற்குப் பெயர். தொலைக்காட்சிப் பெட்டி முதலிய சாதனங்களில் சில்லுகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கம்பிகள் ஓடுவதைத் தவிர்ப்பதே அவர்கள் நோக்கம். இந்த முறையில் இரண்டு கம்பிகளும் மின்தடைகள் வழியே மேல்நிலைக்கு இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. பேச விரும்பும் எந்தச் சில்லும் கம்பியைக் கீழ்நிலைக்கு இழுக்கலாமேயன்றி மேல்நிலைக்குத் தள்ளக் கூடாது. இந்த ஒரு விதியினாலேயே, இருவர் ஒரே சமயத்தில் வாய் திறந்தாலும் எந்தச் சில்லும் எரிந்துபோவதில்லை.

உபாத்தியாயர் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிப்பதை ஒத்தது இந்தச் சம்பாஷணை. தாளக் கம்பி மேலே இருக்கும்போது செய்திக் கம்பி கீழிறங்கினால், ‘பேசப் போகிறேன், எல்லாரும் கவனியுங்கள்’ என்று அர்த்தம். அடுத்து ஏழு துடிப்புகளில் ஒரு முகவரி. எட்டாவது துடிப்பில், படிக்கப் போகிறேனா எழுதப் போகிறேனா என்ற அறிவிப்பு. ஒன்பதாவது துடிப்பின்போது அழைத்தவன் தன் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிடுகிறான். அந்த முகவரிக்குரிய சில்லு அங்கே இருந்தால், அது கம்பியைக் கீழே இழுத்து ‘உள்ளேன் ஐயா’ என்கிறது. இல்லையேல் கம்பி மேலேயே நிற்கும். இவ்வாறு எட்டுத் துடிப்பில் ஒரு பைட்டும் ஒன்பதாவதில் ஓர் ஒப்புதலுமாக உரையாடல் நகர்கிறது. தாளம் மேலிருக்கையில் செய்திக் கம்பி மேலேறினால் பேச்சு முடிந்தது. 1,024 பைட்டுகளையும் படித்து முடிக்க 9,216 துடிப்புகள் வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் துடிப்பு என்ற சாதாரண வேகத்தில், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் சில்லின் உள்ளம் முழுவதும் வெளியே வந்துவிடும்.

இவ்வளவு எளிய பாஷையாக இருப்பதனால்தான், அதைப் பேசுவதற்கு வீட்டிலேயே ஒரு மின்சுற்றை அமைத்துக்கொள்ள முடிகிறது. அக்காலத்துக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஆர்.எஸ்.-232 என்னும் தொடர்த்துறை ஒன்று இருந்தது; தொலைபேசி மோடங்களைக் கணினியோடு இணைப்பதற்காக அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பட்ட நியமம் அது. அதில் செய்தி செல்லும் கம்பிகளைத் தவிர, ‘நான் தயார்’, ‘அனுப்பலாமா’, ‘அனுப்பு’ என்று மரியாதை சொல்லிக்கொள்வதற்கென்றே சில கம்பிகள் உண்டு. மோடம் இல்லாதபோது அவை சும்மா கிடக்கும். அவற்றை மென்பொருளால் நேரடியாக ஏற்றவும் இறக்கவும் படிக்கவும் முடியும் என்பதைக் கண்ட பொழுதுபோக்கு மின்னணுவியலார், ஒன்றைத் தாளத்துக்கும், ஒன்றைச் செய்தி அனுப்புவதற்கும், மற்றொன்றைச் செய்தி கேட்பதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போனிப்ராக் என்ற இத்தாலிய மென்பொருள் இந்த உபாயத்தைப் பல தேசங்களில் பரப்பியது.

ஆனால் ஒரு விக்கினம் உண்டு. தொடர்த்துறையின் கம்பிகள் பன்னிரண்டு வோல்ட் மேலும் பன்னிரண்டு வோல்ட் கீழுமாக ஆடுபவை. சில்லோ பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இடையில் வாழ்வது. நேரே இணைத்தால் சில்லு அழியும். இங்கேதான் ஸீனர் டையோடு என்ற சிறு கண்ணாடிக் குழல் உதவுகிறது. சாதாரண டையோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும். ஸீனர் டையோடோ எதிர்த் திசையிலும் ஒரு குறித்த அழுத்தத்தை எட்டியதும் விட்டுக்கொடுத்து, அதற்குமேல் அழுத்தம் ஏறாதபடி பிடித்து வைக்கும். கம்பியில் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன் முடிவில் 5.1 வோல்ட் ஸீனரைத் தரையோடு இணைத்துவிட்டால், மேலே பன்னிரண்டு வந்தாலும் சில்லு காண்பது ஐந்துதான். கீழே பன்னிரண்டு வரும்போது அதே டையோடு சாதாரணத் திசையில் கடத்தி, அரை வோல்ட்டுக்குச் சற்று மேலான இறக்கத்தோடு நிறுத்திவிடும். ஒரே உறுப்பு இரு புறத்து ஆபத்தையும் தடுக்கிறது. சில்லு பேச வேண்டிய தருணத்தில் கணினி கம்பியை மேல்நிலையில் விட்டுவைக்கிறது; நடுவே மின்தடை இருப்பதால், சில்லு தன் சிறிய பலத்தாலேயே அதைக் கீழே இழுத்துவிட முடிகிறது.

எஞ்சியிருப்பது, சில்லின் பதிலைத் தொடர்த்துறை புரிந்துகொள்ளுமா என்ற கேள்வி. மூன்று வோல்ட்டுக்கு மேற்பட்டது ஒரு நிலை, எதிர்ப்புறத்தில் மூன்று வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டது மற்றொரு நிலை என்பது நியமம். சில்லோ பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஏட்டில் பார்த்தால் இந்தச் சுற்று வேலை செய்யக் கூடாது. ஆனால் கணினிகளில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட ஏற்பிச் சில்லுகள், ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே போனாலே நிலைமாறுபவை. பூஜ்யத்தையும் ஐந்தையும் அவை தெளிவாகவே பிரித்தறியும். நியமம் எழுதியவர்கள் நாடாத ஒரு தாராளம் சாதனத்தில் இருந்தது; இரண்டு ஸீனர்களும் சில மின்தடைகளும் கொண்டு கால் மணி நேரத்தில் பற்றவைத்துவிடக்கூடிய அந்தச் சிறு பலகை, அந்தத் தாராளத்தின் மீதே நிற்கிறது. பொறியியலில் இத்தகைய எளிமை எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. விலையுயர்ந்த கருவி செய்யும் காரியத்தை, காரணகாரியங்களை நன்கு அறிந்த ஒருவர் நான்கைந்து உறுப்புகளால் செய்துவிடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

படித்து எடுத்த 1,024 எண்களைத் திரையில் பரப்பிப் பார்க்கும்போது, யந்திரத்தின் வரிசை எண் முதலியவை படிக்கத்தக்க எழுத்துகளாகவே தோன்றுகின்றன. கடவுச்சொல் மட்டும் அப்படித் தோன்றுவதில்லை. அது சங்கேதத்தில் மறைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மறைவே அன்று. விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணையே அனுப்புகிறது. 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். தனிக் கணினியின் எழுத்து விசைகள் அமைந்த பகுதியை இடமேல் மூலையிலிருந்து வரிசையாக எண்ணிய எண்கள் அவை: எஸ்கேப் 1, அடுத்துள்ள ஒன்று என்ற இலக்கம் 2, இப்படியே சென்று கியூ 16, டபிள்யூ 17, ஏ 30. ‘கீ’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிற்றெழுத்துகளில் வழக்கமான எழுத்துக் குறியீட்டில் வைத்தால் 107, 101, 121 என்று வரும். இந்தச் சில்லில் அதே சொல் 37, 18, 21 என்று கிடக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் அந்தக் கடவுச்சொல்லில் இல்லாததற்கும் இதுவே காரணம். விசை ஒன்றே அல்லவா? ஜெர்மானிய விசைப்பலகையில் 21-ஆம் விசையின் மேல் இஸட் என்ற எழுத்து இருக்குமாதலால், அந்த நாட்டில் வைத்த பூட்டை வேறு நாட்டில் திறக்கப் புகுபவர் எழுத்தை நம்பாமல் இடத்தையே நம்ப வேண்டும். அதிகபட்சம் ஏழு விசைகள். அவற்றோடு ஒரு சரிபார்ப்பு எண். பிழைக்கு அஞ்சி அதே வரிசை மறுபடி ஒரு முறை. ஒரே எண்வரிசை அடுத்தடுத்து இருமுறை காணப்படுவதே, தேடுபவருக்கு அது கிடக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

படிப்பதில் ஆபத்தில்லை என்றேன், எழுதுவதில் உண்டு. அந்தச் சில்லில் கடவுச்சொல் மட்டுமன்று, யந்திரம் தன்னை அடையாளம் காணும் விவரங்களும் அவற்றின் சரிபார்ப்பு எண்களும் இருக்கின்றன. ஒரு பைட் பிறழ்ந்தாலும் கணினி இயங்க மறுக்கலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் சிலருக்கு இது துயரமான முறையில் விளங்கிற்று. கணினியின் வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் அளக்கும் சென்சர்களைக் கண்டறிவதற்காக எல்.எம்.-சென்சர்ஸ் என்ற மென்பொருள் இரட்டைக் கம்பியில் ஒவ்வொரு முகவரியாக அழைத்துப் பார்க்கும். அழைத்துவிட்டு எதையும் எழுதாமலே பேச்சை முடிக்கும் அந்தச் சுருக்கமான விசாரணையை மற்றச் சில்லுகள் சாதாரணமாக எடுத்துக்கொண்டன, 24ஆர்.எஃப்.08 மட்டும் அதை முடிவுறாத எழுத்துக் கட்டளையாகப் பொருள்கொண்டு, பின்னர் வந்ததைத் தன்னுள் எழுதிக்கொண்டது. விளைவு, சில திங்க்பேட்கள் எழுந்திருக்காமலே போயின. அதன்பின், அந்த மென்பொருளின் ஆசிரியர்கள் திங்க்பேட் உள்ளவர்களை வெளிப்படையாக எச்சரித்து, சோதிக்கும் முறையையும் திருத்தினார்கள். ஆதலால், இத்தகைய வேலையில் இறங்குபவர் முதலில் முழுவதையும் படித்துக் கோப்பாக வைத்துக்கொள்வதும், இருமுறை படித்து இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அத்தியாவசியம். சொந்த யந்திரத்தில் மட்டுமே இதைச் செய்ய உரிமையுண்டு என்பதையும், பிறருடையதைத் திறக்க இந்த அறிவைப் பிரயோகிப்பது திருட்டே என்பதையும் இங்கே சொல்லிவைப்பது கடமை.

இந்தப் பூட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பது தவறு என்பது 1960-களிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினியாளர்கள் உணர்ந்த விஷயம். சொல்லை ஒரு கணிதச் சார்பில் இட்டு, திரும்பிப் போக முடியாத ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒருவழி முறையை அவர்கள் கையாண்டார்கள். 1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும் யூனிக்ஸ் அனுபவத்தை வைத்து அதை விரிவாக எழுதிவிட்டார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்த கணினி, தன் உச்சமான ரகசியத்தை விசை எண்களாகவே, அதுவும் இருமுறை, எழுதி வைத்திருந்தது. சில்லிலும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. அதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே படிக்க விடாமல் தடுக்கும் வசதி அதில் உண்டு. இவற்றையெல்லாம் கடந்து ரகசியம் வெளியே வந்தது.

கணினி திறந்துகொள்வதைவிட அந்தச் சொல் வெளிப்படுவதையே நான் பெரிய தீங்காகக் கருதுகிறேன். மனிதர்கள் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பவர்கள். பூட்டை உடைப்பவனுக்கு ஒரு யந்திரம் கிடைக்கிறது. சொல்லைப் படிப்பவனுக்கோ அதை வைத்த மனிதனின் மற்றப் பூட்டுகளும் கிடைக்கின்றன. ஒருவழி எண்ணாக வைத்திருந்தால் சில்லில் எழுதுபவன் அதை மாற்றிவிட்டு உள்ளே நுழையக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் மனிதனின் சொல் மனிதனோடு இருந்திருக்கும். பிற்காலத்து மடிக்கணினிகளில் ரகசியத்தைத் தன்னுள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்து, சரி அல்லது தவறு என்று மட்டும் பதில் சொல்லும் பாதுகாப்புச் சில்லுகள் வந்தன. அவற்றின் கம்பிகளில் எந்தச் சுற்றை இணைத்தாலும் உள்ளே வைத்த கடவுச்சொல் அந்தக் கம்பிகளின் வழியே வெளிவருவதில்லை. ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புகளுக்கு மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒருபோதும் காவலாக இருந்ததில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. டிஸ்கின் கடவுச்சொல் டிஸ்கிலேயே தனியாக இருப்பது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவோரிடமிருந்து கோப்புகளை உறுதியாகக் காப்பது, முழு டிஸ்கையும் சங்கேதமாக்கும் முறை.

இந்த இரட்டைக் கம்பி வித்தையைக் கற்க விரும்புபவருக்குப் பூட்டிய கணினி எதுவும் தேவையில்லை. வீணென்று ஒதுக்கப்பட்ட பழைய எஸ்.டி.ராம் நினைவுப் பலகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுக் கால் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பலகையின் கொள்ளளவு, வேகம், செய்தவர் குறியீடு ஆகியவற்றை 256 பைட்டுகளில் அது கணினிக்குச் சொல்கிறது. அது 3.3 வோல்ட்டில் வாழ்வதாதலால், 5.1 ஸீனர்களுக்குப் பதிலாக 3.3 வோல்ட் ஸீனர்களை வைக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி 93-ஆம் பைட்டில் செய்யப்பட்ட ஆண்டும், 94-ஆம் பைட்டில் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதும் குறிக்கப்படுவது வழக்கம். அந்தப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி அச்சிட்டிருந்தால், படித்த எண்களை அதனோடு ஒப்பிட்டுத் தம் சுற்று சரியாகப் படித்ததா என்று அவர் தெரிந்துகொள்ளலாம்.